ஆடுகளமும் அணிநடை இசையும்

ஆண்டுதோறும் மாசி, பங்குனி மாதங்களிற் கொழும்பு மாநகரின் காலி வீதி புதுக்கோலம் பூணுகின்றது. கல்லூரிக் கொடிகள் கட்டிய ஊர்திகள் வரிசையாய்ச் செல்கின்றன. எக்காளமும் முரசும் முழங்குகின்றன. நரை திரை எய்திய பழைய மாணவர்கள் பள்ளிச் சிறுவர் போல ஆர்ப்பரிக்கின்றனர். வழிச்செல்வோருட் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். சிலர் தம் இளமையை நினைந்து முறுவல் பூக்கின்றனர். கல்லூரிகளுக்கிடையே துடுப்பாட்டப் பெரும்போட்டிகள் நிகழும் காலம் இது.

இலக்கியமும் தத்துவமும் ஆராயப்படும் கல்லூரி மலரில் ஆட்டத்தையும் ஆரவாரத்தையும் பற்றி எழுதுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். தகும் என்பதே எமது துணிபு. ஒரு சமூகம் தன் கோயிலை எவ்வாறு கொண்டாடுகின்றது என்பதை அதன் தேர்த்திருவிழாவிற் காண்கின்றோம். அது தன் கல்விக்கூடத்தை எவ்வாறு கொண்டாடுகின்றது என்பதைக் காண வேண்டுமாயின், ஆடுகளத்திற்கே செல்லுதல் வேண்டும். யார் உள்ளே இருக்கின்றனர், யார் வாயிலில் நிற்கின்றனர், எவருடைய இசை ஒலிக்கின்றது, எவருடைய இசை ஒலிக்கவில்லை என்பன அங்கே வெளிப்படையாகத் தெரியும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு நம் நாட்டுக் கல்லூரிகளோடு ஒப்பிடத்தக்க ஓர் எடுத்துக்காட்டுக் கடலுக்கு அப்பால் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்லூரிகள் உதைபந்தாட்டத்தையும் அணிநடை இசைக்குழுவையும் கொண்டு தம் வரலாற்றையே விழாவாக்கியுள்ளன. அவர்கள் செய்ததையும் நாம் செய்ததையும் செய்யாததையும் அருகருகே வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆள்வோர் ஆட்டம்

இலங்கைக் கல்லூரிப் பெரும்போட்டியின் வித்து ஆங்கில நாட்டிலிருந்து வந்தது. ஈற்றன், ஹரோ ஆகிய பள்ளிகள் 1805 ஆம் ஆண்டிலும், ஒக்ஸ்போர்டு, கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகங்கள் 1827 ஆம் ஆண்டிலும் தம்முள் துடுப்பாட்டம் ஆடின. அம்முறையை ஆங்கில ஆசிரியர்கள் இங்குக் கொணர்ந்தனர். பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியும் பரி. தோமையர் கல்லூரியும் 1879 ஆம் ஆண்டிற் காலிமுகத் திடலிற் பொருதின. அவ்வாண்டில் ஆசிரியரும் மாணவரும் கலந்து ஆடினர். மாணவர் மட்டும் ஆடிய போட்டி 1880 இல் தொடங்கிற்று. இன்று கல்கிசையில் விளங்கும் பரி. தோமையர் கல்லூரி, அக்காலத்திற் கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரத்தில் இருந்தது. 1918 ஆம் ஆண்டிலேயே அது கல்கிசைக்குப் பெயர்ந்தது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய ஆட்டம் ‘வடக்கின் பெரும் போர்’ என்னும் பெயரோடு நூறாண்டு கடந்து நிலவுகின்றது.

இக்கல்லூரிகள் அரசினராலோ கிறித்தவ மிஷன் சபைகளாலோ நிறுவப்பட்டவை. அவற்றை நோக்கியே சுதேச சமயத்தவர் தத்தம் கல்லூரிகளை எழுப்பினர். பௌத்தர்க்கு 1886 இல் ஆனந்தாக் கல்லூரியும், சைவர்க்கு 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், முஸ்லிம்களுக்கு 1892 இற் சாகிராக் கல்லூரியும் தோன்றின. தலைநகரில் வாழ்ந்த இந்துக்களோ, 1902 இல் விவேகானந்த சபையை நிறுவியும், 1951 இல் இந்து வித்தியா விருத்திச் சங்கத்தின் முயற்சியாற் கொழும்பு இந்துக் கல்லூரியைத் தொடங்கியும் தம் குறையை நீக்கிக் கொண்டனர்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இக்கல்லூரிகள் சமயத்தாலும் நோக்கத்தாலும் மிஷன் கல்லூரிகளின் வேறானவை. ஆயினும் புறக்கோலத்தில் அவற்றையே பின்பற்றின. கல்லூரிக் கீதம், கல்லூரி நிறம், இல்ல விளையாட்டுப் போட்டி, மாணவர் படை, பாண்ட் வாத்தியம், துடுப்பாட்ட அணி ஆகிய யாவும் ஆங்கிலப் பள்ளியின் அச்சிலே வார்க்கப்பட்டன. வாணி விழாவும் நாவலர் குருபூசையும் மண்டபத்தினுள்ளே நிகழ்ந்தன. மைதானமோ ஆங்கில மரபுக்கு உரியதாயிற்று. இங்ஙனம் இரவல் பெற்ற கோலம் நமக்கு உரியதாகிவிட்டதா என்பதே நாம் விடைகாண வேண்டிய வினா.

மறுக்கப்பட்டோர் எழுப்பிய மன்றங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்கள் பலவற்றில், அடிமைக்கு எழுத்தறிவித்தல் ஒரு காலத்திற் சட்டத்தால் ஒறுக்கப்படும் குற்றமாயிருந்தது. வடபுலத்திற் செய்னி நிலையம் 1837 இலும், லிங்கன் 1854 இலும், வில்பர்போர்ஸ் 1856 இலும் தோன்றினவெனினும், பெரும்பாலான கல்லூரிகள் 1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த பின்னரே எழுந்தன. பிஸ்க் 1866 இலும், ஹோவார்ட், மோர்ஹவுஸ் ஆகியவை 1867 இலும், ஹாம்ப்டன் 1868 இலும், டஸ்கீகி 1881 இலும் தொடங்கப்பட்டன. 1890 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசின் நிதி பெறும் மாநிலங்கள் தம் கல்லூரிகளில் நிறவேறுபாடின்றி மாணவரைச் சேர்த்தல் வேண்டும், அன்றேற் கறுப்பின மாணவர்க்கெனத் தனிக் கல்லூரி அமைத்தல் வேண்டும் என விதித்தது. தென்மாநிலங்கள் பின்னதையே தெரிந்தன. யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு கறுப்பினக் கல்லூரிகள் உள்ளன.

இரு வரலாறுகளுக்கும் ஓர் உறவும் உண்டு. 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய அமெரிக்க மிஷன், நியூ இங்கிலாந்து நாட்டுச் சமயப் பற்றில் முளைத்தது. அம்மிஷனின் தாய்ச்சபை அடிமை முறையை வன்மையாகக் கண்டிக்கவில்லை என்று மனங்கொதித்தோர் உள்ளிட்ட சிலர் 1846 இல் வேறொரு சங்கம் கண்டனர். அச்சங்கமே பிஸ்க், ஹாம்ப்டன் முதலிய கல்லூரிகளை நிறுவ முன்னின்றது. ஒரே வேரின் இரு கிளைகள் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்கத் தென்புலத்திலும் பள்ளிகளாய்ப் பூத்தன எனலாம்.

எனினும் அப்பள்ளிகளை மக்கள் ஏற்ற முறை வேறு. கறுப்பின மக்கள் மிஷனாரிமார் நிறுவிய கல்லூரிகளையே காலப்போக்கில் தமதாக்கினர். யாழ்ப்பாணத்துச் சைவரோ எதிர்நிலையிற் புதியன கண்டனர். வெசுலியன் மிஷன் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயும் இருந்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது அவ்வெதிர்நிலையின் தொடக்கமாகும்.

வேறொரு வேற்றுமையையும் மறைத்தல் அறமன்று. சைவ சமூகம் சமயத்தின் பேரில் ஒதுக்கப்பட்டதாய்த் தன்னை உணர்ந்தது; ஆனால் அதுவே சாதியின் பேரில் தன்னவரை ஒதுக்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகட்கு வட இலங்கைப் பள்ளிகள் பலவற்றில் இடம் மறுக்கப்பட்டது. இடம் கிடைத்த வழியும் சம ஆசனம் மறுக்கப்பட்டது. ஆதலின் அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரியின் வரலாற்றைப் படிக்கும் நாம், மறுக்கப்பட்டோர் பக்கத்தில் மட்டும் நம்மை நிறுத்திக் கொள்ளுதல் இயலாது. மறுத்தோர் பக்கத்திலும் நமக்கு ஓர் இடமுண்டு. இவ்வுண்மை, பின்னர் இசையைப் பற்றிக் கூறுமிடத்துப் பயன்படும்.

கறுப்பினக் கல்லூரிகள் கொழும்புக்கு முற்றும் புதியன அல்ல. ஹோவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோவார்ட் தேர்மன் நால்வர் கொண்ட தூதுக்குழுவிற்குத் தலைமை தாங்கி, 1935 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கொழும்பில் வந்திறங்கினார். இங்குள்ள சட்டக் கல்லூரியில் அவர் உரையாற்றிய பின், இந்து வழக்கறிஞர் ஒருவர் அவரை நோக்கி, உம் முன்னோரை அடிமைகளாக்கிய சமயத்தின் சார்பாக நீர் இங்கு வந்தது எவ்வாறு என்னும் பொருள்பட வினவினார். அவ்வினா தேர்மனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஒடுக்கப்பட்டோர்க்குச் சமயம் என்ன சொல்ல வல்லது என்பதை ஆராய்ந்து 1949 இல் அவர் வெளியிட்ட நூல் இக்கொழும்பு நிகழ்ச்சியையே தொடக்கத்திற் குறிப்பிடுகின்றது. அக்குழுவினர் 1936 பெப்ரவரியிற் பர்தோலியில் மகாத்மா காந்தியையும் கண்டனர். மோர்ஹவுஸ் கல்லூரியிற் பயின்று 1948 இற் பட்டம் பெற்ற மார்ட்டின் லூதர் கிங், தேர்மனின் நூலைப் போற்றியவர்களுள் ஒருவர். நம் நகரில் எழுந்த ஒரு வினா இங்ஙனம் கடல் கடந்து சென்றது.

பனியில் நிகழ்ந்த முதலாட்டம்

1892 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் நாள், வட கரொலைனா மாநிலத்துச் சோல்ஸ்பரி நகரில், பிடில், லிவிங்ஸ்டன் ஆகிய இரு கறுப்பினக் கல்லூரிகள் அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடின. கறுப்பினக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதற் போட்டி இதுவே. நிலமெல்லாம் பனி மூடியிருந்தது. லிவிங்ஸ்டன் கல்லூரி மாணவியர் ஆட்டக்காரர்க்குச் சீருடை தைத்துக் கொடுத்தனர். ஆட்டக்காரர் தாம் நாடோறும் அணிந்த சப்பாத்துகளின் அடியிலேயே குமிழ்கள் பொருத்திக் கொண்டு களம் புகுந்தனர். பிடில் வென்றது. லிவிங்ஸ்டன் வீரர் ஒருவர் பந்தை எடுத்துச் சென்று இலக்கை எய்தினார் எனவும், பனியால் எல்லைக்கோடு தெரியாமையின் அது எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது என நடுவர் தீர்த்தார் எனவும் கூறுவர்.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் ஆடும் உதைபந்தாட்டத்தின் வேறானது. பந்து முட்டை வடிவினது. கையில் ஏந்தி ஓடவும் எறியவும் படுவது. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். இவ்வாட்டம் ஹார்வார்ட், யேல் முதலிய செல்வப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. கறுப்பின மாணவர்க்குக் கதவு பெரிதும் அடைத்திருந்த அக்கழகங்களின் ஆட்டத்தையே அவர்கள் எடுத்தாண்டனர். ஆள்வோர் ஆட்டத்தை ஆடுவது அடிமை மனமா, அன்றி நிகரென நிறுவும் மனமா என்னும் வினா இங்கும் எழுகின்றது. ஆங்கிலேயர் கொணர்ந்த துடுப்பாட்டத்தை யாழ்ப்பாண மாணவர் ஆடியபோதும் இதே வினா எழுந்திருத்தல் கூடும்.

விடையை ஆட்டக்காரரே தந்தனர். லூசியானா மாநிலத்துச் சிற்றூராகிய கிராம்பிளிங்கிலுள்ள கல்லூரிக்கு எடி ராபின்சன் 1941 இற் பயிற்றுநராய்ச் சேர்ந்து 1997 வரை பணிபுரிந்தார். அவருடைய அணிகள் 408 வெற்றிகள் ஈட்டின; அவரிடம் பயின்றோருள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டக்காரராயினர். வெள்ளையர் கழகங்கள் ஏற்க மறுத்த இளைஞரைக் கொண்டே இச்சாதனை நிகழ்ந்தது.

ஆடுகளத்திற்கும் அரசியலுக்கும் இருந்த தொடர்பு 1960 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரி 1 ஆம் நாள், வட கரொலைனா வேளாண் தொழினுட்பக் கல்லூரி மாணவர் நால்வர், கிரீன்ஸ்பரோ நகரில் வெள்ளையர்க்கு மட்டும் உணவு பரிமாறும் மேசையில் அமர்ந்து உணவு கேட்டனர். மறுக்கப்பட்டும் எழாது இருந்தனர். நாளுக்கு நாள் மாணவர் தொகை பெருகிற்று. எதிர்ப்போர் வழிமறித்தபோது, அக்கல்லூரி உதைபந்தாட்ட வீரர்கள் ஆப்பு வடிவில் அணிவகுத்து, கையில் நாட்டுக்கொடி ஏந்தி, தம் தோழர்க்கு வழி திறந்தனர். களத்திற் கற்ற அணிவகுப்பு அறத்திற்குத் துணையாயிற்று.

அணிநடை இசையின் அமைப்பு

கறுப்பினக் கல்லூரியின் உதைபந்தாட்ட நாளில், ஆட்டத்தினும் மிகுதியாக மக்கள் எதிர்நோக்குவது இடைவேளையையே. நம்மூரில் இடைவேளை என்றதும் கூட்டம் கடலை வாங்க எழுந்து செல்லும். அங்கோ எவரும் இருக்கை விட்டு எழார். ஏறத்தாழ இருபது நிமிட நேரம் களம் இசைக்குழுவிற்கு உரியதாகின்றது.

படைக்குழுவின் இசை மரபே இதன் அடிப்படை. தாமிரக் கருவிகளும் துளைக்கருவிகளும் முரசுகளும் ஏந்திய மாணவர் வரிசையாய் நிற்பர். ஐந்து யார் நிலத்தை எட்டு அடிகளிற் கடப்பது அமெரிக்க அணிநடைக்குரிய பொது அளவு. படைநடையில் முழங்கால் சிறிதே உயரும். கறுப்பினக் கல்லூரிகளின் நடையிலோ தொடை நிலத்திற்கு இணையாகுமாறு முழங்கால் உயரும். நூற்றுக்கணக்கானோர் ஒரே கணத்தில் இவ்வாறு அடியெடுத்து வைத்தவாறே, மூச்சுக் குலையாது ஊதுதல் வேண்டும். பின்னர் அவ்வணி கலைந்து கூத்தாகின்றது; கூத்து மீண்டும் அணியாகின்றது. முன்னிற்கும் அணித்தலைவன் கோலேந்தி, முதுகு நிலந்தொடுமாறு பின்வளைந்து எழுவான். மாதக்கணக்கான பயிற்சியின்றி இவற்றுள் ஒன்றும் கைகூடாது.

இம்மரபு எளிதில் வந்ததன்று. ‘புளூஸ்’ எனப்படும் துயரிசையை உலகறியச் செய்த டபிள்யூ. சி. ஹாண்டி, 1900 முதல் 1902 வரை அலபாமா மாநிலத்துக் கறுப்பினக் கல்லூரியொன்றில் இசை கற்பித்தார். ஐரோப்பிய இசையே உயர்ந்தது என்னும் கொள்கை அங்கு ஓங்கியிருந்தமை அவரைச் சோர்வுறச் செய்தது. வயலிலும் தெருவிலும் தேவாலயத்திலும் தம் மக்கள் பாடிய இசை, தம் மக்களுக்கென எழுந்த கல்லூரியிலேயே மதிப்புப் பெறவில்லை. நெடுங்காலம் கழித்தே அவ்விசைக்குக் கல்லூரி வாயில் அகலத் திறந்தது.

அதனைத் திறந்தவருள் முதன்மையானவர் வில்லியம் போஸ்டர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றபோது, கறுப்பினத்தார்க்கு இசைக்குழு நடத்தும் பணி கிடையாது என அவரிடம் கூறினர். அவர் 1946 இற் புளோரிடா வேளாண் கல்லூரிக்குச் சென்று, 1998 வரை அங்குள்ள இசைக்குழுவை நடத்தினார். மக்கள் விரும்பும் பாடலையும் ஆடலையும் படைநடையின் ஒழுங்கோடு இணைத்தார். ‘நூற்றுவர் அணி’ எனும் பொருள்படப் பெயர் பெற்ற அக்குழு, பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவில், 1989 ஜூலை 14 ஆம் நாள், அமெரிக்காவின் சார்பாகப் பாரிசு நகர வீதியில் அணிநடை பயின்றது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகக் குழு 1961 இல் அதிபர் கென்னடியின் பதவியேற்பு ஊர்வலத்திற் பங்குகொண்டது. 2023 இல், கல்லூரி அணிநடை இசைக்குழுக்களுள் முதன்முதலாகக் கிராமி விருதும் பெற்றது.

ஐரோப்பியப் படையின் இசைக்கருவி அதே கருவிதான். ஆடுகளமும் அதே களந்தான். ஆனால் அக்கருவியினூடே ஒலிப்பது கறுப்பின மக்களின் சொந்த மூச்சு. இரவல் பெற்ற கோலம் உரிய கோலமாகும் வழி இதுவே.

உடைமை போயினும் உரிமை போகாமை

கறுப்பினக் கல்லூரிகளின் வரலாற்றில் ஒரு விந்தையுண்டு. ஹோவார்ட் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்ற தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில், 1954 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் பள்ளிகளில் நிறவாரியாகப் பிரித்தலைச் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்த்தது. நீதி வென்றது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவு திறக்கத் திறக்க, சிறந்த மாணவரும் ஆட்டக்காரரும் அங்குச் செல்லலாயினர். வேறு போக்கிடமின்மையாற் கல்லூரிக்கு வந்தோர் போய், விரும்பி வருவோரைத் தேட வேண்டிய காலம் வந்தது.

அக்காலத்தில் விழா புதுப்பொருள் பெற்றது. கிராம்பிளிங் கல்லூரிக்கும் சதேர்ண் பல்கலைக்கழகத்திற்கும் இடையிலான ஆட்டம், 1974 முதல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நன்றிநவிலல் நாளையொட்டி நிகழ்கின்றது. ஆட்டத்தின் முன்னாள் இரு கல்லூரி இசைக்குழுக்களும் எதிரெதிர் நின்று தம் திறம் காட்டும். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழா இரவில் இரு மேளக் குழுக்கள் விடியும் வரை பொருது வாசிக்கக் கேட்டோர்க்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. தூரநாடுகளிலிருந்தும் பழைய மாணவர் தம் பிள்ளைகளோடு வருகின்றனர். கல்லூரியிற் பயிலாத கறுப்பின மக்களும் வருகின்றனர். நிதி திரட்டப்படுகின்றது, அதனினும் மேலாக, அடுத்த தலைமுறை, இது நம் கல்லூரி என்று கண்ணாற் கண்டு செல்கின்றது.

நமக்கும் இதனை ஒத்த ஒரு திருப்பம் நேர்ந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால், அரசின் உதவி பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. சைவ மக்கள் காசு காசாய்ச் சேர்த்து எழுப்பிய பள்ளிகள் அவர்தம் ஆட்சியினின்று நீங்கின. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி, 1974 இற் பல்கலைக்கழக வளாகமாயிற்று. உடைமை அரசினதான பின்னர், இக்கல்லூரிகளைச் சமூகத்தோடு பிணைப்பது எது? பழைய மாணவர் சங்கம், கல்லூரிக் கோயில், ஆண்டு விழா, ஆட்டம் ஆகியவையே. சட்டம் பறிக்கவியலாத உரிமை நினைவின் உரிமை. அந்நினைவுக்கு உடல் தருவது விழா.

ஒரு நினைவைச் சுட்டுதல் போதும். 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிகளின் புகலிடமாயிற்று. வகுப்பறை வாங்குகளில் முதியோர் படுத்தனர். மாணவர் ஓடிப்பழகும் மைதானத்திற் குடும்பங்கள் சோற்றுக்கு வரிசை நின்றன. பின்னர்ப் பலர் கப்பலேறி வடக்கே சென்றனர். பலர் நாட்டையே நீங்கினர். அம்மைதானத்தில் இன்று பந்தெறியும் சிறுவன் எம்மண்ணில் நிற்கின்றான் என்பதை அறிதல் வேண்டும். ஆட்ட நாளில் அதனைச் சொல்லாது வேறெந்நாளிற் சொல்லப் போகின்றோம்?

குற்றங் களைதல்

விழா என்பதற்காக அதன் குற்றங்களை மூடுதல் கூடாது. 2011 நவம்பரிற் புளோரிடாக் கல்லூரியின் அணித்தலைவருள் ஒருவரான மாணவர், தம் குழுவினரே புகுத்திய கொடிய பகிடிவதையால் உயிரிழந்தார். உலகமே வியந்த அக்குழுவின் இயக்கம் 2013 வரை நிறுத்திவைக்கப்பட்டது. ஒழுங்கின் அழகைக் காட்டிய குழுவினுள் ஒழுங்கின் பேராலேயே வன்முறை வளர்ந்திருந்தது. பகிடிவதையால் இளையோரை இழந்த நம் நாட்டிற்கு இச்செய்தி அயலார் செய்தியன்று.

நம் பெரும்போட்டிக் காலத்திலும் குடியும் கைகலப்பும் வழிச்செல்வோரை வருத்துதலும் நிகழ்வதுண்டு. ஆட்டத்தின் பேரில் வகுப்பறை வெறுமையாவதும் உண்டு. இவற்றைக் காட்டி விழாவையே ஒழிக்க வேண்டும் என்பார் கூற்று, தேர்த்திருவிழாவில் நெரிசல் உண்டென்று தேரை நிறுத்துவார் கூற்றை ஒக்கும். களைய வேண்டியது களையை; பயிரை அன்று. இசைக்கும் ஆட்டத்திற்கும் பொறுப்பான ஆசிரியர், மூத்தோர் இளையோரை நடத்தும் முறையை இடையறாது கண்காணித்தலே அதற்குரிய வழி.

நமது முரசு எங்கே?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஆங்கிலேயரிடம் இரவல் பெற்ற கோலம் நமதாகிவிட்டதா?

கொழும்புப் பெரும்போட்டியில் ஒலிக்கும் இசை ஒரு பகுதி விடை தருகின்றது. அங்கு எக்காளமும் முரசும் முழக்குவது பெரும்பாலும் பைலா மெட்டுகளையே. பைலாவின் தாளமோ, போர்த்துக்கேயர் காலத்தில் இத்தீவிற்குக் கொணரப்பட்ட ஆபிரிக்கரும், போர்த்துக்கேய வழித்தோன்றல்களும் பேணிய காபிரிஞ்ஞா ஆட்டத்திற் பிறந்தது. அவ்வாபிரிக்கரின் வழியினர் இன்றும் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கின்றனர். ஆங்கிலக் கனவான்களின் ஆட்டத்தைக் காண வந்த கூட்டம், ஆபிரிக்கரின் தாளத்திற்கு ஆடுகின்றது! ஒதுக்கப்பட்டோரின் இசை, ஒருவரும் அழையாமலே, விழாவின் நடுவிடத்தைப் பற்றிக் கொண்டது.

தமிழ்க் கல்லூரியின் இசையோ இன்னும் அத்துணைத் துணிவு பெறவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் நம் மாணவர் ஆங்கிலப் படைநடை மெட்டுக்கு அடியெடுத்து வைக்கின்றனர். அதனை இழிவென்று கூறுகின்றிலேம். ஆயினும் அளவெட்டியும் இணுவிலும் தந்த நாதசுரமும் தவிலும் நம் பெருஞ்செல்வம் அன்றோ? தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி பிறந்த மண்ணன்றோ இது? ஆடிவேல் விழாவிற் செட்டியார்தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வேலிரதம் உலா வரும்போது இந்நகர வீதியே நம் மேளத்தைக் கேட்கின்றது. கல்லூரி மைதானம் மட்டும் அதனை விருந்தினரை வரவேற்கும் வாயிலோடு நிறுத்திவிடுகின்றது.

பறையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. திருவிழாவிற்கும் இறுதிச் சடங்கிற்கும் பறை வேண்டும். ஆனால் அதனை முழக்கியோர் பிள்ளைக்கு ஒரு காலத்திற் பள்ளியிற் சம ஆசனம் இல்லை. கருவிக்கு நேர்ந்த ஒதுக்கம் கலைஞனுக்கு நேர்ந்த ஒதுக்கமே. ஹாண்டியின் கல்லூரி தன் மக்களின் இசைக்கு வெட்கியது போல, நாமும் நம் முரசுக்கு வெட்கினோம். அங்கு அவ்வெட்கம் நீங்கியபோதே உலகம் திரும்பிப் பார்க்கும் இசை பிறந்தது. இங்கும் அது நீங்குதல் கூடும். தவிலின் சொற்கட்டையும் பறையின் அடிகளையும் அணிநடைக்கு இசைவிக்கும் ஆசிரியர் ஒருவரும், அதனைப் பயிலும் மாணவர் முப்பதின்மரும் இருப்பின் ஒரு கல்லூரியில் இன்றே தொடங்கலாம். கருவியை ஏந்துவோர் எக்குலத்தார் என்று வினவாது, எல்லா இல்லத்து மாணவரும் மாணவியரும் ஏந்துதலே அதன் முதற்பாடம்.

கல்லூரி என்பது கட்டடமும் தேர்வுப் பெறுபேறும் மட்டுமன்று. அது ஒரு மக்கட்கூட்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக் கொள்ளும் கதை. பனியில் ஆடிய இளைஞரும், அவர்க்குச் சீருடை தைத்த மாணவியரும், வழிமறித்தோர் நடுவே கொடியேந்தி நடந்த வீரரும் அக்கதையை உடலால் எழுதினர். நம் கதையில் எழுதாது விடப்பட்ட பக்கங்கள் உள. அடுத்த ஆண்டு நம் கல்லூரி அணி களம் புகும்போது, எந்த முரசு முழங்குகின்றது, அதனை முழக்குவோர் யாவர் என்று ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் செவிசாய்த்துக் கேட்பாராக. வாயிலில் நின்ற முரசு மைதானத்தின் நடுவே ஒலிக்கும் நாளில், இரவல் பெற்ற கோலம் நமதாகும்.